அணையைத் திறந்ததா, வானம் திறந்ததா?

வாசகர் கேள்வி – பதில்

ஐப்பசி நெருங்கினால் நம் பக்கத்துக் கடிதங்களில் பாதி தண்ணீரைப் பற்றித்தான் இருக்கும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழைக்குப் பிறகு அது முக்கால்வாசி ஆகிவிட்டது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே, தாமிரபரணி கடலில் சேருகிற புன்னைக்காயல் வரையில் உள்ள ஊர்களிலிருந்து வந்த கேள்விகளை மட்டும் இந்தத் தடவை எடுத்துக்கொண்டேன்.

அண்ணாச்சி, எங்களை அழிச்சது புயலா, இல்லை ராத்திரியோடு ராத்திரியா அணையைத் திறந்துவிட்டாங்களா? டீக்கடையில் இன்னும் இதே சண்டைதான். — ஒரு வாசகர், ஏரல்

புயல் கிடையாது. அந்த மாதத்துப் புயல் மிக்ஜாம், அது சென்னையைப் படுத்தியெடுத்துவிட்டு ஆந்திரக் கரைக்குப் போய்விட்டது. நமக்கு வந்தது குமரிக்கடல் பக்கம் உருவான காற்றுச் சுழற்சி, பெயர் வைக்கிற அளவுக்குக்கூட அது பெரிதாகவில்லை. ஆனால் மழை? 18-ம் தேதி காலை வரையிலான ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. வருடம் முழுக்கப் பெய்தாலே காயல்பட்டினத்தில் 95 வராது.

இந்த எண்ணைச் சும்மா படித்துவிட்டுப் போனால் ஒன்றும் புரியாது, கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு செ.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் 10 லிட்டர் தண்ணீர். அப்படியானால் 95 செ.மீ. மழைக்கு ஒரு சென்ட் நிலத்தில் மட்டும் 38 ஆயிரம் லிட்டருக்கு மேல். 12 ஆயிரம் லிட்டர் தண்ணீர் லாரி மூன்றைக் கொண்டுவந்து ஒவ்வொரு சென்ட்டிலும் கவிழ்த்த மாதிரி. காயல்பட்டினத்து வீடுகளுக்குள் புகுந்தது இந்தத் தண்ணீர்தான், அந்த ஊருக்கு மேலே எந்த அணையும் இல்லை.

ஏரல் கதை வேறு, அதையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஆற்றங்கரையில் இருக்கிறீர்கள். மேலே பாபநாசம், மணிமுத்தாறு அணைகளில் தண்ணீர் திறந்தார்கள், அது உண்மை. அணைகளுக்குக் கீழே சிற்றாறு சீவலப்பேரியில் வந்து சேருகிறது, வழியெல்லாம் ஓடைகள், நிரம்பி மறுகால் (உபரித் தண்ணீர் வெளியேறுகிற வழி) பாய்ந்த குளங்கள், எல்லாம் ஒரே ராத்திரியில் ஒரே ஆற்றுக்குள் இறங்கின. உங்கள் ஊர்ப் பாலத்தை உடைத்த தண்ணீரில் எது அணைத் தண்ணீர், எது குளத்துத் தண்ணீர் என்று டீக்கடையில் பிரிக்க முடியாது.

எனக்கு இந்தச் சண்டையில் ஒரு வருத்தம் உண்டு. அணைதான் காரணம் என்று முடிவு கட்டிவிட்டால் அடுத்த தடவையும் நாம் அணையில் எவ்வளவு திறந்தார்கள் என்ற செய்திக்காகவே காத்திருப்போம். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலிருந்து பிரிகிற தென்கால் வாய்க்கால் வழியாக நிறைகிற கடம்பா குளம் உடைந்தபோது அப்படி எந்தச் செய்தியும் வந்து நம் வாசலைத் தட்டவில்லை. அதே அணைக்கட்டின் வடகால் வாய்க்காலின் கடைசியில் இருக்கிற கோரம்பள்ளம் குளமும் உடைந்தது, அந்தோணியார்புரத்தில் நான்குவழிச் சாலை அரித்துக்கொண்டு போனது. அதனால் கேட்கவேண்டிய கேள்வி, உங்கள் ஊருக்கு மேலே இருக்கிற குளத்தின் கரையைப் புரட்டாசிக்குள் யாராவது நடந்து பார்த்தார்களா, மடையும் மறுகாலும் வேலை செய்கின்றனவா என்பதுதான். கிராமசபையில் எழுந்து இதைக் கேளுங்கள், தீர்மானத்தில் குளத்தின் பெயரைப் போட்டு எழுதச் சொல்லுங்கள். பொதுவாக "நீர்நிலைகளைப் பராமரிக்கவும்" என்று எழுதி வாங்கினால் அது யாரையும் கட்டாது.

முகத்துவாரத்தில் மணல் மூடிக் கிடந்ததால்தான் தண்ணீர் வடியலன்னு என் மாமனார் சொல்லுதாக. அதை நிரந்தரமா வெட்டிவிட்டா என்ன? — ஒரு வாசகி, புன்னைக்காயல்

மாமனார் சொல்வதில் பாதி சரி. தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள், கடைசி ஸ்ரீவைகுண்டம். கோடையில் அதைத் தாண்டி வருவதே கொஞ்சம்தான், கடலை எதிர்த்துத் தள்ள ஆற்றுக்குப் பலம் இருக்காது, அலை மணலைக் கொண்டுவந்து வாயை அடைக்கும். பெருவெள்ளம் வந்தால் ஆறே அதை அறுத்துக்கொண்டு போய்விடும். ஆனால் அறுக்கிற வரைக்கும் உள்ள நேரம் இருக்கிறதே, அந்த நேரத்தில்தான் பின்னால் தேங்கி ஊருக்குள் ஏறும். அதோடு கடலில் ஏற்றம் இருக்கிற நேரமும் சேர்ந்துவிட்டால் இன்னும் மோசம்.

மழைக்காலத்துக்கு முன்பு மணலை எடுப்பது நல்லது, வள்ளம் போய்வரவும் அது வேண்டும். வருடம் முழுக்க ஆழமாகத் திறந்தே வைத்தால் உப்புத் தண்ணீர் ஆற்றுக்குள் ஏறும், உங்கள் பக்கத்துக் கிணறுகள் ஏற்கனவே படுகிற பாடு உங்களுக்கே தெரியும். தூண்டில் வளைவு, அதாவது கடலுக்குள் நீட்டிக் கட்டுகிற கல் தடுப்பு, போடலாம் என்பார்கள். போட்டால் ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் கரையை அரிக்கும். எந்தப் பக்கம் யாருடைய வீடு இருக்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளவேண்டும்.

இன்னொன்று. பாண்டியர்களின் முத்துத் துறைமுகமான கொற்கை இன்றைக்குக் கடலை விட்டுச் சில கிலோமீட்டர் உள்ளே கிடக்கிறது. ஆறு கொண்டுவந்த வண்டல்தான் கடலைத் தள்ளி வைத்தது. பழையகாயலும் அப்படியே துறைமுகம் என்ற பெயரை இழந்த ஊர். இப்படி இடம் மாறிக்கொண்டே இருக்கிற ஒரு வாயை நிரந்தரமாக்குவேன் என்று யார் வந்து சொன்னாலும் நான் நம்பமாட்டேன்.

வள்ளம் தப்பிச்சிட்டு, ஆனா இன்ஜின் சகதித் தண்ணியில முழுகிக் கிடந்தது. அடுத்த தடவை இப்படி ஆனா முதல்ல என்ன செய்யணும்? — பெயர் வேண்டாம், புன்னைக்காயல்

ஸ்டார்ட் செய்கிற கயிற்றை இழுத்துப் பார்க்காதீர்கள், முதல் வேலையே அதுதான். சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் உள்ளே ராடு வளைந்துவிடும், கழுவிச் சரிசெய்யக்கூடிய இன்ஜின் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும். இன்ஜினைத் தண்ணீரை விட்டு வெளியே எடுத்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, பிளக்கைக் கழற்றி, உள்ளே இருக்கிற தண்ணீரை வடித்து, எண்ணெய் விட்டுக் கையால் மெதுவாகச் சுற்றிவிட்டு, அன்றைக்கே மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள். தண்ணீருக்குள் கிடந்ததை விட, வெளியே எடுத்துக் காற்றுப்பட வைத்த பிறகுதான் துரு வேகமாகப் பிடிக்கும். பைக் வைத்திருப்பவர்களுக்கும் இதே பதில்.

கழுவுவதற்கு முன்பு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வள்ளத்தின் பதிவு எண் தெரிகிற மாதிரி ஒன்று, இன்ஜின் எண் தெரிகிற மாதிரி ஒன்று, வலை சகதியோடு கிடக்கிற மாதிரி ஒன்று. சுத்தம் செய்துவிட்டு மீன்வளத்துறை ஆட்களைக் கூப்பிட்டால் சேதம் எங்கே என்று கேட்பார்கள், கேட்டிருக்கிறார்கள். பதிவு செய்யாத வள்ளத்துக்கு எதுவும் வாங்க முடியாது, அதை இப்போதே முடித்துவிடுங்கள். வலையை வெயிலில் நாள்கணக்கில் போட்டுவிடாதீர்கள், நைலான் இற்றுப்போகும்.

நிவாரணப் பணம் 6,000 ரூபாய் வந்ததும் எங்க வீட்டு மாப்பிள்ளை போய் செல்போன் வாங்கிட்டு வந்துட்டார். இது நியாயமா? — ஒரு மாமியார், ஆழ்வார்திருநகரி

பழைய போன் வெள்ளத்தில் போயிருந்தால் நியாயம்தான் ஆச்சி. போகவில்லையென்றால் இந்தப் பக்கத்தை அந்தப் போனிலேயே படம் எடுத்து அவருக்கு அனுப்பிவையுங்கள்.

குத்தகைக்கு எடுத்து வாழை போட்டிருந்தேன். குலை தள்ளுகிற நேரம், மொத்தமும் போயிற்று. கணக்கெடுக்க வந்தவர்கள் பட்டா யார் பேரில் இருக்கிறது என்று கேட்டார்கள். நிலத்துக்காரர் பேரில் என்றேன், எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். — ஒரு விவசாயி, ஸ்ரீவைகுண்டம் பக்கம்

இந்தக் கேள்வி ஒன்றுக்காகவே இந்தப் பக்கத்தை ஒதுக்கலாம். வாழைத் தோட்டத்திலும் ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்காலிலும் மண்ணில் நிற்கிறவர் ஒருவர், பட்டாவில் இருக்கிறவர் வேறொருவர் என்பது நம் பக்கத்தில் ஊரறிந்த விஷயம். மாடு செத்தால் 37,500, ஆடு செத்தால் 4,000 என்று 2023-ல் அறிவித்தார்கள். ஆடு மாடு யாருடையது என்பதைத் தொழுவத்தைப் பார்த்தாலே சொல்லிவிடலாம். வாழைக்கு அப்படி முடியாது, பட்டாவைத்தான் பார்ப்பார்கள்.

வழி இருக்கிறது. தமிழ்நாட்டில் 1969-ல் குத்தகை உரிமைப் பதிவுக்கென்றே ஒரு சட்டம் வந்தது. தாசில்தார் அலுவலகத்தில் மனுக் கொடுத்து நீங்கள் குத்தகைதாரர் என்று பதிவு செய்துகொள்ளலாம். அப்படிப் பதிவு செய்தவர்களைத் தேடித்தான் பார்க்கவேண்டும், ஏனென்றால் நிலத்துக்காரர் மனது வருத்தப்படும், அடுத்த போகம் நிலம் கிடைக்காது என்ற பயம். அந்தப் பயம் நியாயமானதுதான், இல்லை என்று நான் சொல்லமாட்டேன். குறைந்தபட்சம் அடங்கலில் (கிராமத்துப் பயிர்ப் பதிவேடு) பயிர் சரியாக ஏறியிருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் பாருங்கள். நிவாரணம் வந்தால் யாருக்கு எவ்வளவு என்று நிலத்துக்காரரோடு பேசி, இரண்டு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வெள்ளம் வந்த பிறகு பேசுகிற பேச்சு எப்போதும் கசப்பாகத்தான் முடியும், மழைக்கு முன்னாடி பேசிவிடுங்கள்.

தெருவுக்கே ஒரு கிணறுதான். வெள்ளம் வடிஞ்ச பிறகு பிளீச்சிங் பவுடர் எவ்வளவு போடணும்? ஆளுக்கொரு கணக்கு சொல்றாங்க. — ஒரு வாசகி, ஆறுமுகநேரி

வெள்ளத் தண்ணீர் இறங்கிய கிணற்றில் அப்படியே பவுடரைக் கொட்டிப் பிரயோஜனம் இல்லை, முதலில் இறைத்து வெளியேற்றிச் சகதியை எடுக்கவேண்டும். ஊற்று ஊறிய பிறகு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பவுடர். இரண்டு மீட்டர் அகலமுள்ள வட்டக் கிணற்றில் மூன்று மீட்டர் தண்ணீர் நின்றால் 9,400 லிட்டர் சொச்சம் வரும், அதற்கு 24 கிராம் போதும். வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் மேலே தெளிந்ததை மட்டும் கிணற்றில் இறக்கிக் கலக்குங்கள். ஒரு மணி நேரம் கழித்து எடுக்கலாம். வெள்ளத்துக்குப் பிறகு முதல் தடவை இந்த அளவு பற்றாமல் போகலாம், சுகாதார ஆய்வாளரைக் குளோரின் சோதித்துச் சொல்லச் சொல்லுங்கள். அதுவரைக்கும் காய்ச்சித்தான் குடிக்கணும். சகதியில் வெறுங்காலோடு நின்று வேலை செய்தவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம், மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுப் பார்க்கவேண்டாம்.

ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் மாட்டியதைத்தான் எல்லாரும் பேசுகிறார்கள். அதைச் சுற்றி இருந்த எங்களை யார் பார்த்தார்கள்? — ஒரு வாசகர், ஸ்ரீவைகுண்டம்

கோபம் புரிகிறது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில், சுமார் 800 பேர், தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி அரித்துப்போனதால் உங்கள் ஸ்டேஷனிலேயே நிறுத்தினார்கள், நிறுத்தியதால்தான் உயிர்கள் தப்பின. ஹெலிகாப்டர் வந்தது, டிவி வந்தது. அந்தப் பயணிகளுக்குச் சோறு பொங்கிப் போட்டது பக்கத்தில் இருந்த புதுக்குடி மக்கள், தங்கள் வீட்டிலும் தண்ணீர் நின்றபோது. அது செய்திகளில் வந்தது, ஆனால் ஒரு வரியாக.

வானிலைச் செய்தி, வாட்ஸ்ஆப், யூடியூப், எதை நம்பணும்ணே? — கல்லூரி மாணவர், ஆத்தூர்

தம்பி, சிவப்பு எச்சரிக்கை என்றால் 24 மணி நேரத்தில் 20 செ.மீ.க்கு மேல் பெய்யலாம் என்று பொருள். 21-ம் சிவப்புதான், 95-ம் சிவப்புதான், அதற்கு மேலே வேறு நிறம் கிடையாது. ஆகவே நிறத்தோடு நின்றுவிடாமல் உங்கள் ஊரில் எவ்வளவு பெய்கிறது என்று நீங்களே பாருங்கள். அடியும் வாயும் ஒரே அகலமுள்ள ஒரு பாத்திரத்தைத் திறந்த வெளியில் வைத்து ஸ்கேலால் அளந்தால் போதும். மூன்று மணி நேரத்தில் 10 செ.மீ. தாண்டி இன்னும் விடவில்லை என்றால் ஆற்றங்கரைத் தெருக்காரர்கள் கிளம்பிவிடவேண்டும், அணைச் செய்தி வந்தாலும் வராவிட்டாலும்.

"அணை உடைந்தது" என்று குரல்பதிவு வந்தால் அனுப்பினவரிடம் எந்த அணை, யார் சொன்னது என்று திருப்பிக் கேளுங்கள், பெரும்பாலும் பதில் வராது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநிலத்துக்கு 1070. ஆனால் 2023-ல் கரண்டும் போய் டவரும் போய் போன் வெறும் டார்ச் லைட்டாகத்தான் கிடந்தது. அப்போது கோயில் மணியும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியும்தான் கைகொடுக்கும், ஒலிபெருக்கிக்குப் பேட்டரி வேண்டும். உங்கள் ஊரில் அந்த பேட்டரிக்கு யார் பொறுப்பு, எந்த மணிச் சத்தத்துக்கு எந்தத் தெரு எந்த மாடிக்குப் போகணும் என்று உங்கள் நண்பர்கள் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதிவிடுங்கள். ரேஷன் கார்டு, ஆதார், மார்க் ஷீட், பட்டா நகல் எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டு அலமாரியின் மேல்தட்டில் வைக்கச் சொல்லுங்கள், கீழ்த்தட்டில் வேண்டாம்.