வடை சுட்ட எண்ணெய் ஆயில் என்ஜினுக்கு ஆகுமா?

கேள்வி: உடுமலைப் பக்கம் சிற்றுண்டிக் கடை நடத்துகிறோம். வடை, பஜ்ஜி போட்டு மிஞ்சும் பாமாயில் மாதம் 60 லிட்டர் வரை சேர்கிறது. தோட்டத்துக் கிணற்றில் 5 எச்.பி. ஆயில் என்ஜின் இருக்கிறது. இந்த எண்ணெயை வடிகட்டி அப்படியே டீசலில் கலக்கலாமா? வீட்டிலேயே பயோடீசல் தயாரிக்கலாம் என்கிறார்களே, அது நடக்கிற காரியமா? எங்களிடம் உள்ள 2021 மாடல் டீசல் லோடு வண்டிக்கும் ஊற்றலாமா?

பதில்: அப்படியே ஊற்ற வேண்டாம். பயோடீசலாக மாற்றினால் உங்கள் ஆயில் என்ஜின் தாராளமாக ஓடும். ஆனால் அதை வீட்டில் தனியாகச் செய்வதற்குச் சட்டமும் பாதுகாப்பும் குறுக்கே நிற்கின்றன. லோடு வண்டிக்கு அறவே கூடாது.

டீசலின் பாகுத்தன்மை 40 டிகிரி வெப்பத்தில் 2 முதல் 4.5 சென்டிஸ்டோக் (கெட்டித்தன்மையை அளக்கும் அலகு). அதே வெப்பத்தில் பாமாயில் 40 சென்டிஸ்டோக்கை ஒட்டி இருக்கும். ஏறத்தாழ பத்து மடங்கு கெட்டி. இன்ஜெக்டர் டீசலைப் புகைபோலத் தூவுவதற்காகச் செய்யப்பட்டது. எண்ணெய் அதில் துளித்துளியாகத்தான் வரும். அந்தத் துளிகள் முழுதாக எரியாமல் இன்ஜெக்டர் முனையில் கரியாகப் படியும், பிஸ்டன் ரிங் பள்ளங்களில் பிசினாக ஒட்டும். எரியாத மிச்சம் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி அடியிலுள்ள என்ஜின் ஆயிலோடு கலந்து அதையும் கூழாக்கிவிடும். முதல் சில நாள் என்ஜின் நன்றாகவே ஓடும். அதைப் பார்த்துத்தான் பலரும் துணிகிறார்கள். ரிங் ஒட்டிக்கொண்டு கம்ப்ரஷன் போனபிறகு ஆகும் செலவில், மிச்சம் பிடித்த டீசல் காசெல்லாம் போய்விடும். பத்துக்கு ஒரு பங்கு கலந்தாலும் இதே கதைதான், கொஞ்சம் தாமதமாக நடக்கும்.

பயோடீசல் என்பது அந்த எண்ணெயின் மூலக்கூற்றை உடைத்து எடுப்பது. எண்ணெயோடு மெத்தனாலும் (நச்சு ஆல்கஹால்) காரமும் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு போன்ற அல்கலி) சேர்த்துச் சூடாக்கிக் கலக்கினால் கிளிசரின் பிரிந்து அடியில் நிற்கும், மேலே நிற்பது பயோடீசல். பாகுத்தன்மை 5 சென்டிஸ்டோக்குக்குள் வந்துவிடும். செய்முறை எளிது. சிக்கல் மெத்தனாலில் இருக்கிறது.

தமிழ்நாட்டில் மெத்தனாலை வாங்க, வைத்திருக்க, பயன்படுத்த உரிமம் வேண்டும். 1959ஆம் ஆண்டு விதிகளின் கீழ் அது மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது மெத்தனால் கலந்த சாராயம்தான். உரிமம் இல்லாமல் ஒரு கேன் வீட்டில் இருந்தாலும் குற்றம். ‘சும்மா ஒரு கேன் தருகிறேன்’ என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள். மெத்தனாலுக்குப் பதில் எத்தனால் போடலாமே என்று தோன்றும். அதற்கும் உரிமம் வேண்டும். தவிர, கிடைக்கும் ஸ்பிரிட்டில் 5 சதவீதம் தண்ணீர் இருக்கும். அந்தத் தண்ணீர் போதும், எண்ணெய் பயோடீசலாகாமல் சோப்பாகிவிடும்.

உங்கள் அளவுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 லிட்டர் எண்ணெய்க்கு 12 லிட்டர் மெத்தனாலும் சுமார் 600 கிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் வேண்டும். கழுவி, உலர்த்தி, கழிவு போக 55 லிட்டர் பயோடீசல் தேறும். அது 50 லிட்டர் டீசலுக்குச் சமம். 5 எச்.பி. என்ஜின் முழுப் பளுவில் மணிக்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேல் குடிக்கும். ஆக, மாதம் 45 மணி நேரம் தண்ணீர் இறைக்கலாம். இந்த அளவுக்காக ஒரு குடும்பம் வீட்டுக்குள் மெத்தனாலை வைத்திருப்பதை நான் ஏற்கமாட்டேன். உங்கள் ஊர்ப் பக்கத்துப் பத்து கடைகள் சேர்ந்தோ, உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் வழியாகவோ, வேதியியல் ஆய்வகம் உள்ள ஒரு கல்லூரியோடு சேர்ந்தோ உரிமம் எடுத்துச் செய்தால் அது நியாயமான முயற்சி. கீழே உள்ளது அப்படிச் செய்பவர்களுக்கு.

முதல் வேலை எண்ணெயைச் சுத்தம் செய்வது. பஜ்ஜி மாவு, உப்பு, மிளகாய்த்தூள் எல்லாம் அடியில் தங்க ஒரு வாரம் அசையாமல் வையுங்கள். மேல் எண்ணெயை மட்டும் துணியில் வடிகட்டி, 110 டிகிரி வரை சூடாக்கித் தண்ணீரைப் போக்க வேண்டும். தண்ணீர் போயிற்றா என்று பார்க்க, நன்றாகச் சூடேறிய இரும்புக் கரண்டியில் சில சொட்டு விட்டுப் பாருங்கள். படபடவென்று வெடித்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

அடுத்தது அமிலச் சோதனை. இதைச் செய்யாமல் குத்துமதிப்பாகக் காரம் போடுவதால்தான் பெரும்பாலான கலவைகள் கெடுகின்றன. திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் கொழுப்பு அமிலம் கூடியிருக்கும், போடுகிற காரத்தில் ஒரு பங்கை அது தின்றுவிடும். 1 கிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடை 1 லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சிறு குடுவையில் 10 மில்லி ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் எடுத்து, மஞ்சள்தூளை அதே ஆல்கஹாலில் ஊறவைத்து வடித்த சாறு ஐந்தாறு சொட்டு விடுங்கள். ஆய்வகத்து நிறங்காட்டியான பினாஃப்தலீன் இருந்தாலும் சரிதான், ஆனால் பழுத்த பழுப்பு எண்ணெயில் மஞ்சள் சிவப்பாக மாறுவது கண்ணுக்கு இன்னும் தெளிவாகத் தெரியும். ஆல்கஹாலிலேயே கொஞ்சம் அமிலம் இருக்கக்கூடும் என்பதால், எண்ணெய் சேர்க்கும் முன்பே காரக் கரைசலைச் சொட்டுவிட்டு லேசாகச் சிவக்கும் இடத்தில் நிறுத்துங்கள். பிறகு 1 மில்லி எண்ணெய் சேருங்கள், நிறம் மஞ்சளுக்குத் திரும்பும். ஊசி போடும் சிரிஞ்சால் காரக் கரைசலை அளந்து சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்குங்கள். செந்நிறம் கால் நிமிடமாவது மாறாமல் நிற்கும்போது எத்தனை மில்லி செலவானது என்று குறித்துக்கொள்ளுங்கள். அத்தனை கிராம் காரம் ஒரு லிட்டர் எண்ணெய்க்குக் கூடுதலாக வேண்டும்.

எண்ணெய்க்கு அடிப்படைத் தேவை லிட்டருக்கு 7 கிராம் (85 முதல் 90 சதவீதத் தூய்மை உள்ள பொட்டாசியம் ஹைட்ராக்சைடு). சோதனையில் 3 மில்லி வந்தால் 7ம் 3ம் சேர்த்து லிட்டருக்கு 10 கிராம். 50 லிட்டருக்கு 500 கிராம். சோதனை 5 மில்லியைத் தாண்டினால் அந்த எண்ணெயைத் தனியாகச் செய்யாதீர்கள், புது எண்ணெயோடு கலந்து அளவைக் கீழே கொண்டுவாருங்கள். சிக்கன் 65 பொரித்த எண்ணெய் பெரும்பாலும் இந்த ரகம். காஸ்டிக் சோடாவும் வேலை செய்யும். ஆனால் பாமாயிலோடு அதைச் சேர்த்தால் அடியில் நிற்கும் கிளிசரின் கல்லாக உறைந்து குழாயை அடைத்துவிடும். அதனால் விலை கூடினாலும் பொட்டாசியம்தான் நல்லது.

மெத்தனால், எண்ணெய் அளவில் ஐந்தில் ஒரு பங்கு. மூடியுள்ள கெட்டியான எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் கேனில் மெத்தனாலை ஊற்றி, காரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கரையுங்கள். கேன் சூடேறும், பயப்பட வேண்டாம், அவசரப்படவும் வேண்டாம். அலுமினியப் பாத்திரம் பக்கத்திலேயே வரக் கூடாது. காரம் அதை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். எண்ணெயை இரும்பு அல்லது ஸ்டீல் கலனில் 55 டிகிரிக்குச் சூடாக்கி, ஹீட்டரை அணைத்த பிறகே மெத்தனால் கரைசலைச் சேர்க்க வேண்டும். 65 டிகிரியில் மெத்தனால் கொதித்து ஆவியாகிவிடும். கலன் மூடியிருக்க வேண்டும், ஆவிக்குழாய் கூரைக்கு வெளியே போக வேண்டும். பம்ப் வைத்து ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் சுழற்றிவிட்டு, இரவு முழுக்க அசையாமல் விடுங்கள். காலையில் அடியில் காப்பி டிக்காஷன் நிறத்தில் கிளிசரின் தெளிவாகப் பிரிந்து நிற்கும். அதை அடிக்குழாய் வழியாக வடித்துவிடலாம்.

பிரியாமல் மொத்தமும் ஜெல்லி போல நின்றால் எண்ணெயில் தண்ணீர் இருந்திருக்கிறது, அல்லது காரம் கூடிவிட்டது. அதைக் காப்பாற்றுவது கடினம்.

பிரிந்துவிட்டால் மட்டும் வேலை முடிந்துவிடாது. 3 மில்லி பயோடீசலை 27 மில்லி மெத்தனாலில் விட்டுக் குலுக்குங்கள். இரண்டும் 20 டிகிரி வெப்பத்தில் இருக்க வேண்டும், நம் ஊர் வெயிலில் செய்தால் அரைகுறைச் சரக்கும் தேறிவிடும், எனவே ஐஸ் தண்ணீரில் வைத்துக் குளிர்வியுங்கள். தெளிவாகக் கரைந்தால் சரி. அடியில் எண்ணெய்த் துளி உருண்டு நின்றால் மாறாத எண்ணெய் மிச்சம் இருக்கிறது. லிட்டருக்கு 50 மில்லி மெத்தனாலும் ஒன்றரை கிராம் காரமும் சேர்த்து மறுபடி ஓட்ட வேண்டும். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரை மேலிருந்து பனிபோலத் தூவிக் கழுவுங்கள். முதல் முறை குலுக்கவே கூடாது, பால்போலக் குழம்பிவிடும். அப்படிக் குழம்பினால் உப்புக் கரைத்த வெந்நீர் கொஞ்சம் விட்டுப் பொறுமையாக வைத்திருந்தால் பிரியும். கழுவிய தண்ணீர் தெளிந்து வந்தபிறகு, 50 டிகிரி சூட்டில் காற்றோட்டமாக வைத்து ஈரத்தைப் போக்குங்கள். குடுவைக்குப் பின்னால் வைத்த செய்தித்தாளின் எழுத்தைப் படிக்க முடிந்தால் உலர்ந்திருக்கிறது.

பாதுகாப்பில் சமரசம் இல்லை. மெத்தனால் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. அடுப்பு, பீடி, தீப்பொறி வரும் சுவிட்சு எதுவும் பக்கத்தில் கூடாது. மெத்தனால் தோல் வழியாகவும் உடம்பில் ஏறும், பார்வையைப் பறிக்கும். கடையில் விற்கும் கரித்தூள் முகமூடி மெத்தனால் ஆவியை நிறுத்தாது, நல்ல காற்றோட்டம்தான் காப்பு. பியூட்டைல் ரப்பர் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். கிளிசரினிலும் மெத்தனால் மிச்சம் இருக்கும். அதில் கைகழுவும் சோப்பு செய்வதும், மாட்டுத் தீவனத்தில் கலப்பதும் ஆபத்து.

என்ஜினுக்கு முதலில் 20 சதவீதம் பயோடீசல், 80 சதவீதம் டீசல். பயோடீசல் பழைய டேங்கில் ஒட்டிய கசடையெல்லாம் கரைத்துக் கிளப்பிவிடும். எனவே முதல் இரண்டு டேங்க் முடிந்ததும் டீசல் ஃபில்டரை மாற்றிவிடுங்கள். ‘பயோடீசல் போட்டேன், என்ஜின் திணறுகிறது’ என்பவர்களில் பலருக்கு அடைத்த ஃபில்டர்தான் காரணம். சாதாரண ரப்பர் ஓஸ் உப்பி இளகும், எரிபொருளைத் தாங்கும் விட்டான் வகை ரப்பர் ஓஸ் போடுங்கள். செம்பு, பித்தளை, துத்தநாகம் பூசிய டின் எதிலும் சேமிக்க வேண்டாம், எரிபொருள் சீக்கிரம் கெடும். மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது. பாமாயில் பயோடீசல் 15 டிகிரியை ஒட்டியே கலங்க ஆரம்பிக்கும். உங்கள் ஊரில் மார்கழிக் காலையில் 20 சதவீதக் கலவைக்குத் தொந்தரவு இராது. ஊட்டி, வால்பாறைக்கு இது ஆகாது.

லோடு வண்டி பிஎஸ்-6 புகைக் கட்டுப்பாட்டுத் தரத்தில் வந்தது. உயர் அழுத்தத்தில் எரிபொருள் பீச்சும் காமன் ரெயில் இன்ஜெக்டரும் புகைவடிகட்டியும் உள்ளது. வடிகட்டியைச் சுத்தம் செய்ய வண்டி தானாகவே கூடுதல் எரிபொருளைப் பீச்சும்போது பயோடீசல் ஆவியாகாமல் என்ஜின் ஆயிலில் போய்ச் சேரும். பம்ப்பில் விற்கும் டீசலில் 7 சதவீதம் வரைதான் தரக்கட்டுப்பாடு அனுமதிக்கிறது. சாலையோரம் ‘பயோடீசல்’ என்று மலிவாக விற்பதை நம்பி ஊற்ற வேண்டாம். பயோடீசலுக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 15607 சோதனைச் சான்று கேளுங்கள், இல்லையென்றால் வாங்காமல் வந்துவிடுங்கள். நீங்கள் தயாரிப்பதையும் அனுமதியின்றி விற்க முடியாது.

கூட்டாகச் செய்ய ஆள் சேரவில்லையென்றால், எண்ணெயை உணவுப் பாதுகாப்புத் துறை அங்கீகரித்த சேகரிப்பாளரிடம் கொடுங்கள். மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2018இல் தொடங்கிய, பயன்படுத்திய எண்ணெயைச் சேகரிக்கும் ரூகோ திட்டத்தில் இது பயோடீசல் ஆலைக்குத்தான் போகிறது. நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிப்பவர்கள் பதிவேடு வைப்பது 2019 மார்ச் முதல் கட்டாயம். உங்களைப் போன்ற சிறு கடைகளும் கொடுக்கலாம். துருவப் பொருள்கள் (எண்ணெய் திரும்பத் திரும்பக் காய்வதால் உண்டாகும் சிதைவுப் பொருள்கள்) 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் பொரிக்கவே கூடாது என்பது சட்டம், ஆகவே பழுத்த எண்ணெயில் புது எண்ணெய் ஊற்றி இழுத்துக்கொண்டே போகாதீர்கள். தண்ணீர் படாத, மூடியுள்ள தனி டின்னில் சேர்த்து வையுங்கள், கசடு குறைந்தால் விலையும் கூடும். மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கேட்டால் உங்கள் பகுதிச் சேகரிப்பாளர் யார் என்று சொல்வார்கள். எடை போடும்போது பக்கத்தில் நின்று, தேதியோடு ரசீது வாங்குங்கள். கிணற்றுக்கு டீசல் செலவைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால், வேளாண்மைப் பொறியியல் துறையில் பி.எம். குசும் திட்டத்தின் சோலார் பம்ப்செட்டுக்கு மனுப் போடுங்கள். மத்திய, மாநில அரசுகளின் மானியம் சேர்ந்து 60 சதவீதம் வரும். கிணற்றின் ஆழம், கோடையில் நீர் நிற்கும் மட்டம், வாய்க்கால் தொலைவு மூன்றையும் அளந்து எழுதிக்கொண்டு போங்கள், எத்தனை எச்.பி. என்பது அதை வைத்துத்தான் முடிவாகும்.