ரவிக்கை லைனிங் முதல் டீ-ஷர்ட் வரை: துணி பற்றிய கேள்வி பதில்

கேள்வி: அக்கா, லைனிங் வைத்துத் தைத்த பட்டு ரவிக்கையை ஒரே ஒரு தடவைதான் நனைத்தேன். அக்குளிலும் கப்பிலும் சுருக்கம் விழுந்து இழுக்கிறது. டெய்லர் தப்பா, துணி தப்பா?

பதில்: இரண்டும் இல்லை. லைனிங்கை நனைக்காமல் தைத்ததுதான் காரணம். காட்டன் லைனிங் கஞ்சியோடு விறைப்பாக வரும். முதல் தண்ணீரில் கஞ்சி இறங்கி நூல் சுருங்கும். மேலே இருக்கிற பட்டு அந்த அளவுக்குச் சுருங்காது. இரண்டும் ஒரே தையலில் மாட்டியிருப்பதால் சுருக்கம் வெளியே தெரிகிறது.

அடுத்த முறை ஒரு மீட்டர் லைனிங் எடுத்து, இரவு முழுக்க வெறும் தண்ணீரில் ஊறவையுங்கள். முறுக்கிப் பிழியாமல் நிழலில் உலர்த்தி, லேசாக ஈரம் இருக்கும்போதே அயர்ன் செய்து கொடுங்கள். அடர் நிறமாக இருந்தால் தனி வாளி. சாயம் விடுமா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். பாலியஸ்டர் லைனிங் சுருங்காது, விலையும் குறைவு. ஆனால் வியர்வையை உறிஞ்சாது, வைகாசிக் கல்யாணத்துக்குக் கட்டாயம் வேண்டாம்.

இப்போதுள்ள ரவிக்கையில் உள்ளே துணி விட்டிருந்தால் பக்கத் தையலில் லைனிங்கை மட்டும் பிரித்து அரை அங்குலம் தளர்த்தலாம். கப்பில் விழுந்ததைச் சரிசெய்வது கஷ்டம்.

கேள்வி: 2x2 ரூபியா என்றால் என்னங்க?

பதில்: ரூபியா என்பது ரவிக்கைக்கு எடுக்கும் மெல்லிய காட்டன் துணி. 2x2 என்றால் நெடுக்கு நூல், குறுக்கு நூல் இரண்டுமே இரட்டைப் புரி, அதாவது இரண்டு இழைகளைச் சேர்த்து முறுக்கியது. 2x1 என்றால் ஒரு பக்கம் மட்டும் இரட்டைப் புரி. 2x2 மெல்லியதாக இருந்தாலும் நெருக்கமாக நிற்பதால் அடர் நிறங்களை லைனிங் இல்லாமலே தைக்கலாம். வெளிர் நிறமென்றால் துணிக்குப் பின்னால் கையை வைத்துப் பாருங்கள். விரல் தெரிந்தால் லைனிங் தேவை. பாலியஸ்டர் கலந்த ரூபியாவும் விற்கிறது, கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: 'பியூர் காட்டன்' என்று எல்லாக் கடையிலும் சொல்கிறார்கள். வீட்டில் எப்படிச் சோதிப்பது?

பதில்: ஓரத்திலிருந்து நாலைந்து நூல் உருவுங்கள். நெடுக்கு தனி, குறுக்கு தனி. ஒன்று காட்டனாகவும் மற்றது பாலியஸ்டராகவும் இருக்கும் துணிகள் உண்டு. இடுக்கியில் பிடித்து, கீழே தட்டு வைத்து எரியுங்கள். பாலியஸ்டர் உருகிச் சொட்டும், கையில் பட்டால் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

காகிதம் எரிகிற வாசனையோடு மெல்லிய சாம்பல் வந்தால் காட்டன் அல்லது ரேயான். சுருண்டு உருகிக் கெட்டி மணியாக நின்றால் பாலியஸ்டர். முடி கருகுகிற நாற்றம் அடித்து, சாம்பல் விரலில் பொடிந்தால் பட்டு. காட்டனையும் ரேயானையும் பிரிக்க, நூலின் நடுவில் நனைத்து இழுங்கள். ரேயான் ஈரமான இடத்தில் சட்டென்று அறும். காட்டனுக்கு ஈரத்தில் வலு கூடும்.

கேள்வி: கசங்காத லினன் சட்டை எங்கே கிடைக்கும்?

பதில்: கசங்குவது லினனின் குணம். துளிகூடக் கசங்காவிட்டால் அதில் என்ன கலந்திருக்கிறது என்று கேளுங்கள்.

கேள்வி: உள்பாவாடைக்குச் சாட்டின் எடுக்கலாமா அக்கா?

பதில்: பாப்ளின் எடுங்கள். சாட்டினில் கொசுவம் வழுக்கும்.

கேள்வி: ரேயானில் அம்பர்லா குர்தி தைத்தேன். அடி ஓரம் ஏறி இறங்கித் தொங்குகிறது.

பதில்: அம்பர்லா வெட்டில் சில இடம் நேர் நூலில் விழும், சில இடம் கிராஸில், அதாவது நூலுக்கு மூலைவாட்டில் விழும். கிராஸ் பகுதி தன் எடையிலேயே நீளும், ரேயானில் இன்னும் அதிகம். இடுப்போடு இணைத்த பிறகு ஒரு இரவு ஹேங்கரில் தொங்கவிடுங்கள். உடுத்தி நிற்கவைத்து, தரையிலிருந்து சுற்றிலும் ஒரே உயரத்தில் குறித்து வெட்டிய பிறகே ஓரம் மடிக்க வேண்டும். ரேயான் சுருங்கும் என்பதால் கால் மீட்டர் கூடுதலாக எடுத்து, நனைத்த பின் வெட்டுங்கள். துவைக்கும்போது பிரஷ் போடாதீர்கள்.

கேள்வி: பையனின் பனியன் துணி டீ-ஷர்ட் இரண்டு துவைப்பில் முறுக்கிக்கொண்டது. பக்கத் தையல் வயிற்றுக்கு வந்துவிட்டது.

பதில்: சிங்கிள் ஜெர்சியில், அதாவது ஒற்றைப் பின்னல் பனியன் துணியில் வருகிற கோளாறு. நூலில் இருக்கும் முறுக்கு தண்ணீரில் தளரும்போது துணியும் ஒரு பக்கமாகச் சாய்கிறது. அயர்ன் செய்தால் நேராகும், அடுத்த துவைப்பில் திரும்பிவிடும். இரட்டைப் பின்னலான இன்டர்லாக் துணியில் இந்தத் தொல்லை மிகக் குறைவு, ஆனால் கனமாக இருக்கும். ஜெர்சியே வேண்டுமென்றால் 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) பக்கம் பாருங்கள். கடையிலேயே விரித்துப் போட்டு, மேலிருந்து கீழே ஓடும் பின்னல் கண்ணிவரிசையும் பக்கத் தையலும் இணையாக இறங்குகின்றனவா என்று கவனியுங்கள். அங்கேயே சாய்ந்திருந்தால் எடுக்காதீர்கள்.