மருத மரம்தான் கரையைச் சரிக்கிறதா?

கேள்வி: கொள்ளிடத்தில் எங்களுக்குப் படுகை நிலம் இருக்கிறது; வாழை போடுகிறோம். ஒவ்வொரு வெள்ளத்துக்கும் கரை கொஞ்சம் சரிகிறது. ஆற்றோரத்து நீர்மருதுகளின் பாரம்தான் காரணம், வெட்டிவிட்டுக் கட்டட இடிபாட்டைக் கொட்டினால் போதும், வெட்டுக்கூலியே வேண்டாம் என்கிறார் ஒரு மர வியாபாரி. செய்யலாமா?

பதில்: வேண்டாம். கூலி வேண்டாம் என்பவர் மரத்துக்குத்தான் வருகிறார், உங்கள் கரைக்கு அல்ல.

கரை மேல்பாரத்தால் மட்டும் விழுவதில்லை. அடி மணலை ஆறு அரித்துவிடுகிறது. வெள்ளம் வடியும்போது, ஊறிக் கனத்த கரைக்கு அதுவரை முட்டுக்கொடுத்த தண்ணீர் விலகிவிடுகிறது, கரை பொதபொதவென்று விழுகிறது. அந்த நேரத்தில் மண்ணைப் பிடித்து வைப்பது மருதின் வேர். மரத்தை வெட்டி, அடிக்கட்டை தழைக்காமல் செத்தால் சில ஆண்டுகளில் வேர் மக்கும், அப்புறம் பிடிப்பதற்கு எதுவும் இருக்காது.

விளிம்பில் நிற்கும் நாணலையும் தொடாதீர்கள். வெள்ளத்தின் வேகம் அங்கே குறைவதால்தான் எக்கல் (வண்டல்) படிகிறது. உங்கள் வாழை தின்பது அதைத்தான். ஆற்றில் விழும் இலையைப் பூச்சியும், பூச்சியை மீனும் தின்கின்றன. மீன்குஞ்சுகள் ஒதுங்குவதும் படுகையில் ஏறி நிற்கும் தண்ணீரில்தான்.

இடிபாட்டுக்கு வருவோம். கற்களின் சந்து வழியே பின்னாலிருக்கும் மணல் உருவிக்கொண்டு போகும், குவியல் உள்வாங்கும். நிற்கும்வரை தண்ணீரை அடுத்தவர் கரைக்குத் திருப்பிவிடும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில், கொள்ளிடத்தின் குறுக்கே இருக்கும் முக்கொம்பு மேலணையிலேயே ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போயின. நாலு லோடு செங்கல் கட்டி எந்த மூலைக்கு?

ஒரே ஒரு விதிவிலக்கு. அடிமண் முழுக்க அரிபட்டு, வேர் வெளியே தொங்கி, ஆற்றுப்பக்கம் சாய்ந்துவிட்ட மரம். அது விழுந்தால் பெரிய மண்கட்டியைப் பெயர்த்துக்கொண்டுதான் விழும். அதற்கும் மேற்கிளைகளைக் குறைத்தால் போதும். மருது மறுபடி தழைக்கும். அடிமரத்தையும் வேரையும் தோண்டக் கூடாது. லேசான சாய்வு கணக்கில் வராது. வேர் தொங்காத மரமும் வராது. வியாபாரி காட்டும் மரமெல்லாம் "சாய்ந்த மரம்" ஆகிவிடும், கவனம்.

வெட்டும் பேச்சுக்கு முன் அளந்து பாருங்கள். ஆறு நகரும், பட்டாவின் கோடு நகராது. மரம் புறம்போக்கில் நின்றால் அது அரசுக்குச் சொந்தம். வழக்கு வந்தால் உங்களைத் தேடித்தான் வருவார்கள், வியாபாரி அதற்குள் அடுத்த ஊரில் இருப்பார். கிளையைக் குறைக்கவும் எழுத்துப்பூர்வ அனுமதி வாங்குங்கள். நடையாய் நடக்க வேண்டியிருக்கும். ஆறு ஒரு துறை, நிலம் ஒரு துறை, மரம் ஒரு துறை. மூவரும் ஒருவரையொருவர் கைகாட்டுவார்கள். கரை அவர்களுக்காகக் காத்திருக்காது என்பது யாருக்கும் உறைப்பதில்லை. மனு கொடுத்தால் ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

உங்கள் கையில் இருப்பதைச் செய்யுங்கள். வாழையை விளிம்பிலிருந்து பதினைந்து, இருபது அடி உள்ளே தள்ளுங்கள். அதன் வேர் மேலாகவே ஓடும், கரையைப் பிடிக்காது. விட்ட இடத்தில் தண்ணீர் வடிந்ததும் கீழே வெட்டிவேர், நடுவில் நொச்சிப் போத்து (நடுவதற்கு ஒடித்த குச்சி), மேலே புங்கையும் மருதும் வையுங்கள். நொச்சிப் போத்தைக் காசு கொடுத்து வாங்காதீர்கள், பக்கத்து வேலியில் ஒடித்தாலே போதும். பக்கத்தில் மணல் அள்ளி ஆறு ஆழமாகிவிட்டிருந்தால் இவ்வளவும் பாதிதான் பலன் தரும்; அள்ளுவதை நிறுத்தக் கேட்டும் அதே மனுவில் எழுதுங்கள்.

வியாபாரி அட்வான்ஸ் கொடுத்திருந்தால் சாட்சி வைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.