இலங்கை மலைநாட்டில் ஒரு நாள் முழுக்க மண்பாதையிலும் ஒற்றையடிப் பாதையிலும் சைக்கிள் ஓட்ட எந்த வழி நல்லது?

நுவரெலியா, எல்ல பக்கம் தார் ரோட்டில் ஓட்டி அலுத்துவிட்டது, இப்போது மண்பாதைக்குத் தோதான கிரவல் சைக்கிள் வாங்கியிருக்கிறேன், ஒரே நாளில் விதவிதமான மலையைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பண்டாரவளையில் பிறந்து வளர்ந்தவன், யார் கேட்டாலும் ஒரே வழியைத்தான் சொல்வேன். ஹப்புத்தளையில் கிளம்பி, பொரலந்தை வழியாக ஒஹியாவுக்கு ஏறி, அங்கிருந்து உடவேரியா தோட்டத்துக்குள் புகுந்து, பம்பரகந்த நீர்வீழ்ச்சிப் பக்கமாகக் கலுபஹனைக்கு இறங்கி, பெரகலை வழியாகத் திரும்பவும் ஹப்புத்தளைக்கு ஏறுகிற வட்டம்.

காரணம் இந்த மலையின் அமைப்பு. மலைநாட்டின் தென்பக்கம் படிப்படியாகச் சரியாமல் சுவர் மாதிரி ஒரேயடியாக விழுகிறது. ஹோர்டன் சமவெளி 2,000 மீட்டருக்கு மேலே இருக்கிறது, அதன் விளிம்பில் 'உலக முடிவு' (World's End) என்று பேர் வைத்திருக்கிற இடத்தில் 870 மீட்டர் பள்ளம். அதே சுவரின் கிழக்குத் தொடர்ச்சியில்தான் நாம் இறங்கப் போகிறோம். அதனால் காலையில் ஜாக்கெட் போட்டு நடுங்கிக்கொண்டு முகில் காட்டில் ஓட்டியவர் மத்தியானம் வெயிலில் வேர்த்து வழிவார். சுவர் முழுக்க ஹப்புத்தளைப் பக்கத்துத் தேயிலை, புல்வெளி, பைன் காடு என்று மாறிக்கொண்டே வரும்.

விடியும்போதே கிளம்பிவிடுங்கள். ஹப்புத்தளையிலிருந்து பொரலந்தை வரை தார் ரோடுதான், இரண்டு பக்கமும் உருளைக்கிழங்கு, லீக்ஸ், போஞ்சி, கோவா என்று அடுக்கடுக்காக மரக்கறித் தோட்டங்கள். கெப்பெட்டிபொல பொருளாதார மையத்துக்கு மரக்கறி ஏற்றிப் போகும் லொறிகள் அந்த நேரத்தில் வேகமாக வரும், வளைவுகளில் ஓரமாகவே போங்கள். பொரலந்தைக்கு அப்புறம் ஒஹியா வரை நல்ல ஏற்றம். ஒஹியா ஸ்டேஷன் 1,774 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பக்கத்துக் கடையில் ஒரு பிளேன்டீயும் இரண்டு பணிஸும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, வழியில் சாப்பிடவும் எதையாவது கட்டிக்கொள்ளுங்கள். இதற்கு அப்புறம் கீழே கலுபஹன வரை கடையை நம்பிப் போக முடியாது.

ஒஹியாவைத் தாண்டியதும் முகில் காடு. மரங்கள் உயரமில்லை, கிளையெல்லாம் முறுக்கிக்கொண்டு பாசி தொங்கும். நிலம் கறுப்பு, இலை மக்கி மெத்தென்று இருக்கும், அதற்குள் வேர்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். ஈர வேரில் டயர் சாய்வாகப் பட்டால் உடனே வழுக்கிவிடும், நேராக ஏறிக் கடக்க வேண்டும். அட்டை நிறைய. சொக்ஸை முழங்கால் வரை இழுத்துவிட்டு வெளிப்பக்கம் ஈரச் சவர்க்காரத்தைத் தேய்த்துவிட்டால் பெரும்பாலும் ஏறாது. இது ஹோர்டன் சமவெளித் தேசியப் பூங்கா எல்லைக்கு வெளியே போகிற வழிதான், ஆனாலும் மரையும் சிறுத்தையும் எல்லை பார்த்து நடப்பதில்லை, அதனால் கூட ஒரு ஆளாவது இல்லாமல் போகாதீர்கள்.

அப்புறம் காடு விலகி உடவேரியாத் தேயிலை வரும். எனக்கு இந்த வட்டத்தில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தோட்டத்துக்குள் இரண்டு வகைப் பாதை இருக்கிறது. ஒன்று வண்டிப் பாதை. மலையகத்தில் முதலில் கோப்பிதான் பயிரிட்டார்கள், 1869இல் இலைநோய் வந்து கோப்பி அழிய, அந்த இடத்துக்குத் தேயிலை வந்தது. கோப்பியையும் தேயிலையையும் மாட்டுவண்டியில் இறக்க வேண்டியிருந்ததால் பாதைகளை மலையைச் சுற்றிச் சுற்றி, மாடு இழுக்கக்கூடிய சரிவில் வெட்டினார்கள். அந்தச் சரிவுதான் இன்றைக்குக் கிரவல் சைக்கிளுக்கு அளவெடுத்த மாதிரி இருக்கிறது, மூச்சு வாங்காமல் மணிக்கணக்காக மிதிக்கலாம். ஓரத்தில் கல்லை அடுக்கிக் கட்டிய தாங்கு சுவர்களை நின்று பாருங்கள். சிமெந்து இல்லாமல் கல்லோடு கல் கவ்வி நிற்கும். தமிழ்நாட்டிலிருந்து கூட்டிவரப்பட்ட எங்கள் ஆட்களின் கைவேலை அது, அந்தச் சுவர்களில் கை வைக்காமல் நான் கடந்து போவதில்லை.

இன்னொன்று குறுக்கு. தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து மலைக்கும், மலையிலிருந்து கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கும், பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கும் நடந்து நடந்து உண்டான ஒற்றையடிப் பாதை. வண்டிப் பாதை சுற்றி வருவதை இது செங்குத்தாக வெட்டிப் போகும். ஓட்டத் தெரிந்தவருக்கு இதைவிட நல்ல ஒற்றையடிப் பாதை இல்லை, ஆனால் இரண்டு விஷயம். தேயிலை நிரைகளுக்கு நடுவே மழைத்தண்ணீர் ஓட வெட்டிய கான் பாதைக்குக் குறுக்கே வரும், புல் மூடியிருப்பதால் கிட்டப் போகும்வரை தெரியாது, முன்சக்கரம் உள்ளே விழுந்தால் ஆளைத் தூக்கி எறிந்துவிடும். தெரியாத குறுக்கில் முதலில் நடந்து இறங்கிப் பாருங்கள். இரண்டாவது, அது ஆட்கள் வேலைக்குப் போகிற வழி. முதுகில் கொழுந்துச் சுமையோடு ஏறி வருபவர் ஒதுங்கி நிற்கக்கூடாது, நாம்தான் இறங்கிச் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு தேயிலைக்குள் ஒதுங்க வேண்டும். ஒரு முறை அப்படி ஒதுங்கி நின்றபோது ஒரு அக்கா, "தம்பி, அந்தப் பக்கம் எறங்காதீங்க, முந்தாநேத்து மழையில கான் ஒடஞ்சு கெடக்கு, இப்பிடி பீலிக்கரைப் பக்கமா போங்க" என்று வழிகாட்டினார். எந்த ஜிபிஎஸ்ஸிலும் இது கிடைக்காது. தோட்ட வாசலில் காவல்காரர் இருந்தால் நின்று பேசி, அனுமதி கேட்டுவிட்டே உள்ளே போங்கள்.

தேயிலை முடிகிற இடத்தில் தரை சட்டென்று வெளிறிப்போய்ச் சரளையாகும். இது பத்தனைப் புல்வெளி, பெரும்பாலும் மானாப்புல். டயரில் நசுங்கும்போது எலுமிச்சை வாசம் எழும். இங்கிருந்துதான் டெவில்ஸ் ஸ்டெயார்கேஸ் என்று ஜீப்காரர்கள் சொல்கிற இறக்கம், உருளுகிற கல்லும் கொண்டை ஊசி வளைவுகளுமாக. பிரேக்கைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டே வந்தால் டிஸ்க் சூடேறிப் பிடிப்பு போய்விடும். விட்டு விட்டுப் பிடியுங்கள், இடையிடையே நின்று ஆறவிடுங்கள். 45 மி.மீ. டயரில் 30 பிஎஸ்ஐ அளவு காற்று போதும், அதற்கு மேல் போனால் கல்லில் துள்ளும். நிற்கிற இடங்களில் கீழே பாருங்கள், சமனலவெவ நீர்த்தேக்கம் தெரியும், வானம் தெளிவாக இருந்தால் உடவளவையும் மினுங்கும்.

அதற்குக் கீழே பைன் காடு, ஊசியிலை மெத்தையில் சத்தமே வராது, ஆனால் காய்ந்த ஊசியிலையும் வழுக்கும். பம்பரகந்த 263 மீட்டர், நாட்டிலேயே உயரமான நீர்வீழ்ச்சி. வறட்சிக் காலத்தில் மெல்லிய நூலாகத்தான் விழும். கலுபஹன சந்தியில் வயிறு நிறையச் சோறு சாப்பிடுங்கள். மிச்சம் முழுக்க ஏ4 வீதியில் ஹல்துமுல்லை, பெரகலை, அப்புறம் ஏ16இல் ஹப்புத்தளை என்று ஏற்றம்தான், பஸ்கள் உரசிக்கொண்டு போகும். எனக்கு இந்தப் பகுதி பிடிக்காது. கால் சோர்ந்தவர்கள் ஒரு டிமோ பட்டாவை (சின்ன லொறி) முன்கூட்டியே பேசி வைத்து ஏற்றிக்கொண்டு வரலாம், அதில் ஒரு குறையும் இல்லை.

காலம் என்று பார்த்தால் பெப்ரவரி, மார்ச் மிக நல்லது. ஜூலை, ஆகஸ்டில் ஊவாப் பக்கம் காய்ந்த காற்று அடிக்கும், ஊவாத் தேயிலைக்குப் பேர் வாங்கித் தருகிற அதே காற்று, தரை நன்றாக இறுகியிருக்கும் ஆனால் திறந்த புல்வெளியில் சைக்கிளைத் தள்ளும். ஒக்டோபரிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை மழைக்காலம், வேண்டாம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மண்சரிவில் புதைந்த மீரியபெத்தைத் தோட்டம் இதே ஹல்துமுல்லைப் பிரதேசத்தில்தான் இருக்கிறது. மற்ற மாதங்களிலும் தொடர்ந்து மழை பெய்திருந்தால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள், ஹல்துமுல்லைக்கு மஞ்சள் என்று போட்டிருந்தாலே பயணத்தை இரண்டு வாரம் தள்ளிப்போடுங்கள்.