கீசர் வால்வு சொட்டுகிறது, அடைத்துவிடலாமா?

கேள்வி: எங்கள் குளியலறையில் 25 லிட்டர் கீசர் இருக்கிறது. வாங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அடியில் பச்சைத் தண்ணீர் நுழையும் இடத்தில் உள்ள வால்விலிருந்து ஒரு மாதமாகத் தண்ணீர் சொட்டுகிறது. பார்க்க வந்தவர், அந்தத் துளையை எம்-சீல் வைத்து அடைத்துவிடலாம் என்கிறார். போர்வெல் தண்ணீர், மாடித் தொட்டியிலிருந்து வருகிறது. என்ன செய்யலாம்? (வாசகி, தாம்பரம்)

பதில்: தயவுசெய்து அடைக்காதீர்கள். ஏற்கெனவே அடைத்திருந்தால், இதைப் படித்து முடிப்பதற்கு முன் கீசரின் மின்சாரத்தை நிறுத்திவிடுங்கள்.

டேங்கில் ஏறிய தண்ணீர் மாடித் தொட்டிக்குத் திரும்பிப் போகாமல் தடுப்பது அந்த வால்வு. டேங்கைக் காலி செய்யும் வடிகாலும் அதுவே. இவற்றைவிட முக்கியமான வேலை ஒன்று அதற்கு உண்டு. உள்ளே அழுத்தம் அளவை மீறினால் பக்கத்துத் துளை வழியாக வெளியே விடுகிறது. சூட்டை அளவோடு நிறுத்தும் தெர்மோஸ்டாட் பழுதாகி, தண்ணீர் கொதித்துக்கொண்டே போகும் நாளில் டேங்க் வெடிக்காமல் காப்பது அந்தச் சின்னத் துளைதான். அதை அடைக்கும் ஆலோசனையை யார் சொன்னாலும் எனக்குக் கோபம் வருகிறது. குளிக்கிறவரின் தலைக்கு மேல் தொங்குகிற பொருள் அது.

எப்போது சொட்டுகிறது என்று கவனித்தீர்களா? 25 டிகிரியில் உள்ள தண்ணீர் 60 டிகிரிக்குச் சூடாகும்போது ஏறக்குறைய ஒன்றரை சதவீதம் பெருகும். உங்கள் டேங்குக்கு அது சுமார் 350 மில்லி. வந்த வழியில் திரும்ப முடியாது, வெந்நீர்க் குழாயும் மூடியிருக்கிறது என்றால், அந்தத் தண்ணீர் வால்வின் துளை வழியாகத்தான் வெளியேற வேண்டும். ஆகவே சூடேறும்போது மட்டும் சொட்டி, பிறகு நின்றுவிட்டால் வால்வு ஒழுங்காக வேலை செய்கிறது என்று பொருள். ‘இத்தனை நாள் சொட்டவில்லையே’ என்று கேட்பீர்கள். வாஷர் தேய்ந்த வெந்நீர்க் குழாய் ஒன்றை அண்மையில் மாற்றினீர்களா? அதுவரை அந்தக் கசிவின் வழியாகவே அழுத்தம் தணிந்திருக்கலாம்.

இரவு முழுவதும் கீசரை அணைத்துவைத்து, காலையில் ஒரு மணி நேரம் துளைக்குக் கீழே டம்ளர் வைத்துப் பாருங்கள். டம்ளர் காய்ந்திருந்தால் எந்தப் பழுதும் இல்லை. நனைந்திருந்தால் வால்வுக்குள் உப்புப் படிந்து, அது முழுமையாக மூடவில்லை. மாடித் தொட்டி பத்து மீட்டர் உயரத்தில் இருந்தாலும் அழுத்தம் ஒரு பார் (அழுத்தத்தின் அலகு) அளவுதான். இந்த வால்வுகள் பெரும்பாலும் எட்டு பார் அளவில் திறக்கும்படி செய்யப்பட்டவை. எனவே உங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர் சொட்டுவதற்கு அழுத்தத்தைக் குறை சொல்ல முடியாது. பிரஷர் பம்ப் வைத்த வீடுகளில் மட்டும் அதையும் அளந்து பார்க்க வேண்டும்.

போர்வெல் தண்ணீர் என்பதால் உப்பைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். தண்ணீர் ஆறியிருக்கும்போது வால்வின் லீவரை நான்கைந்து முறை தூக்கி விடுங்கள். பீய்ச்சும் நீரோடு துகள் வெளியேறி, சொட்டுவது நின்றுவிடக்கூடும். லீவர் அசையவில்லை என்றால் முறுக்காதீர்கள், உடைந்துவிடும். அப்போது புது வால்வுதான் வழி. உங்கள் கீசருக்கு அதே நிறுவனத்தார் தரும், அதே அழுத்த அளவுள்ள வால்வையே வாங்குங்கள்.

மாற்றும்போது சுவிட்சை அணைப்பது போதாது, மின்பலகையில் கீசருக்கு உரிய எம்.சி.பி.யையும் (மின்சாரத்தைத் துண்டிக்கும் பெரிய சுவிட்ச்) இறக்குங்கள். தண்ணீர் ஆறட்டும். கீசருக்குப் பச்சைத் தண்ணீர் விடும் சுவர்க் குழாயான ஆங்கிள் வால்வை மூடி, வெந்நீர்க் குழாயைத் திறந்து வையுங்கள். அதில் ஒன்றும் வராததைப் பார்த்து டேங்க் காலி என்று நினைத்துவிடாதீர்கள். வெந்நீர் டேங்கின் மேற்பகுதியிலிருந்து எடுக்கப்படுவதால் உள்ளே 25 லிட்டரும் அப்படியே நிற்கும். பழைய வால்வைக் கழற்றியதும் அது முழுவதும் கீழே வரும், அதற்கு இரண்டு வாளி தேவை. கழற்றும்போது டேங்கின் நிப்பிளை (வால்வு பொருந்தும் மரையுள்ள குட்டைக் குழாய்) ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு, இன்னொன்றால் வால்வைத் திருப்புங்கள். ஒரே ஸ்பேனரால் முறுக்கி, நிப்பிள் சுழன்று, நல்ல டேங்க் வீணான வீடுகளைப் பார்த்திருக்கிறேன். மரையில் டெஃப்லான் டேப் சுற்றி, வால்வின் அம்புக்குறி டேங்கை நோக்கி இருக்குமாறு பொருத்துங்கள்.

பிறகு ஆங்கிள் வால்வைத் திறந்து, வெந்நீர்க் குழாயில் காற்று இல்லாமல் தண்ணீர் சீராக வரும் வரை காத்திருங்கள். அதற்குப் பின்தான் மின்சாரம். டேங்க் நிரம்பாமல் போட்டால் ஹீட்டிங் காயில் சில நிமிடங்களிலேயே கருகிவிடும்.

துளையிலிருந்து ஒரு சிறு குழாயைச் சரிவாக இறக்கி, தரை வடிகாலுக்கு மேல் முனை திறந்திருக்கும்படி விட்டுவிடுங்கள். சொட்டும் நீர் சுவரைக் கெடுக்காது, யார் மேலும் சூடாக விழாது.

வால்வு காய்ந்திருக்க, கீசரின் வெளிக்கூட்டுக்குள்ளிருந்து துருநிறத்தில் தண்ணீர் வடிந்தால் அது வேறு விஷயம். பெரும்பாலும் உள் டேங்க் அரித்துப் போயிருக்கும், ஒட்டுப் போட்டு அதைக் காப்பாற்ற முடியாது. ஈரம் மின் இணைப்பு வரை எட்டியிருக்கும் என்பதால் எம்.சி.பி.யை இறக்காமல் தொடாதீர்கள். அடுத்து வாங்கும் கீசரில், டேங்குக்குள் உள்ள மெக்னீசியக் கம்பியை ஆண்டுக்கு ஒருமுறை கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்; டேங்குக்குப் பதில் அந்தக் கம்பிதான் அரிபட வேண்டும், உங்கள் தண்ணீரில் அது வேகமாகவே கரையும்.