கேள்வி – பதில்: குதிரையை நம்பிப் பிழைத்தவர்கள்

சதுரங்கக் குதிரையை ஆங்கிலத்தில் ஏன் 'நைட்' என்கிறார்கள் என்று போன இதழில் ஒருவர் கேட்டிருந்தார். இடைக்கால ஐரோப்பாவில் கவசம் பூட்டிக் குதிரையேறிச் சண்டை போட்ட வீரனுக்கு 'நைட்' என்று பட்டம், அதுதான் காய்க்கும் பெயர் என்று நாலு வரி எழுதிவிட்டுத் தப்பித்துவிட்டதாக நினைத்தேன். விடவில்லை, கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. இந்த வாரம் முழுக்க அவர்களுக்கே.

நைட் என்பது அப்பாவிடமிருந்து மகனுக்கு வரும் பட்டமா? (புதுச்சேரி வாசகி)

இல்லை. நைட்டின் மகனாகவே இருந்தாலும் யாராவது ஒரு பிரபுவோ அரசனோ இடுப்பில் வாளைக் கட்டி நைட் ஆக்கினால்தான் உண்டு. உங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்தச் சொல் புதிதல்ல. 1995இல் சிவாஜி கணேசனுக்குப் பிரான்ஸ் கொடுத்தது 'செவாலியே' விருது அல்லவா, பிரெஞ்சில் நைட்டுக்கு அதுதான் பெயர். நேர்பொருள், குதிரைக்காரன். அதில்தான் விஷயமே இருக்கிறது. போர்க்குதிரை, சவாரிக்கு ஒன்று, சுமைக்கு ஒன்று, கவசம், இவற்றையெல்லாம் பார்த்துக்கொள்ள ஆட்கள் என்று செலவு எகிறியதால், 13ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வசதியுள்ள பலரே 'பட்டமும் வேண்டாம், பாடும் வேண்டாம்' என்று ஒதுங்கினார்கள். வருஷத்துக்கு 20 பவுண்டு வருமானம் தரும் நிலம் வைத்திருப்பவன் நைட் ஆகியே தீர வேண்டும் என்று 1278இல் முதலாம் எட்வர்ட் உத்தரவு போடும்படி ஆயிற்று.

பயிற்சி எப்படி இருக்கும்? ஏழு வயதில் ஆரம்பம் என்கிறார்களே? (தேனி, பள்ளி மாணவர்)

ஏழு வயதில் எடுபிடி, பதினாலில் 'ஸ்கொயர்' (நைட்டின் உதவியாள்), இருபத்தொன்றில் நைட் என்று பாடப்புத்தகக் கணக்கு ஒன்று உண்டு தம்பி. நிஜத்தில் வயது முன்பின்னாகத்தான் இருந்தது. முக்கியமானது வேறு: பையனைச் சொந்த வீட்டில் வைத்து வளர்க்க மாட்டார்கள், உறவுக்காரப் பிரபுவின் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே பந்தியில் பரிமாற வேண்டும், எஜமானரின் குதிரையைத் தேய்த்துவிட வேண்டும், கவசத்தின் வாரை மாட்டிவிட வேண்டும், நடுவில் வாளும் ஈட்டியும் பழக வேண்டும்.

உதாரணத்துக்கு, இங்கிலாந்தில் வில்லியம் மார்ஷல் என்று ஒரு நைட் இருந்தார். நான்காவது மகன், ஆகவே பெரிதாகச் சொத்து எதிர்பார்க்க முடியாது. ஐந்தாறு வயதில், 1152இல், ஸ்டீபன் மன்னரிடம் பணயமாக இருந்தார். அப்பா சொன்ன வாக்கைக் காப்பாற்றவில்லை, 'பையனைத் தூக்கில் போடுவேன்' என்று மன்னர் மிரட்ட, 'போட்டுக்கொள்ளுங்கள், இதைவிட நல்ல பிள்ளைகளை அடித்துச் செய்யச் சுத்தியலும் பட்டடையும் என்னிடம் இருக்கிறது' என்றாராம் அந்தப் புண்ணியவான். மன்னருக்கு மனசு வரவில்லை, பையன் பிழைத்தான். அப்புறம் வட பிரான்ஸின் நார்மண்டியில் தான்கர்வில் என்ற உறவினர் வீட்டில் பயிற்சி. அங்கே அவருக்குக் கிடைத்த பெயர், நம் மொழியில் சொன்னால், சாப்பாட்டு ராமன்! தின்பான், குடிப்பான், தூங்குவான், வேறென்ன செய்வான் என்று கேலி.

உடற்பயிற்சிக்கு பூசிகோ என்ற பிரெஞ்சு நைட்டைச் சொல்ல வேண்டும். அவரைப் பற்றி அவர் காலத்திலேயே எழுதப்பட்ட வரலாறு தரும் பட்டியல் இது: தலைக்கவசம் நீங்கலாக முழுக் கவசத்தோடு குட்டிக்கரணம், அங்கவடியில் கால் வைக்காமல் குதிரை மேல் தாவுவது, மூச்சு பழக நெடுந்தூர ஓட்டம், கை ஓயும்வரை கோடரியால் அடிப்பது, ஏணியின் அடிப்பக்கமாகத் தொங்கிக்கொண்டு கால் படாமல் கையாலேயே ஏறுவது. எங்கள் தெரு ஜிம்மில் சேர்ந்து மூன்றாம் நாளே நின்றுபோனவன் என்ற முறையில் படித்ததும் பெருமூச்சுதான் வந்தது.

கவசம் போட்டவரைப் பாரந்தூக்கி வைத்துத்தான் குதிரை மேல் ஏற்றுவார்களாமே? (சேலம்)

கதை. மேலே சொன்ன குட்டிக்கரணத்தை ஒரு தரம் நினைத்துக்கொள்ளுங்கள். 15ஆம் நூற்றாண்டு முழுத்தகட்டுக் கவசம் ஏறக்குறைய 20 முதல் 25 கிலோ, அதுவும் உடம்பு முழுக்கப் பிரிந்து உட்காரும், தோளில் அரிசி மூட்டை சுமப்பது மாதிரி அல்ல. ஒரு கை வாளும் பெரும்பாலும் ஒன்றரை கிலோவுக்குள்தான். உண்மையான தொந்தரவு எடை இல்லை. வேக்காடும் மூச்சுத் திணறலும்தான்.

அவசரத்துக்கு எப்படி ஒதுங்குவார்கள்? (பெயர் வேண்டாம், மதுரை)

சேணத்தில் உட்கார வேண்டுமே, அதனால் உட்காரும் இடத்தில் பெரும்பாலும் தகடு கிடையாது. மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

நைட்கள் மோதும் போட்டிகளில் உயிர் போகுமா, வெறும் விளையாட்டா? (யாழ்ப்பாணம்)

போகும். இங்கிலாந்து இளவரசர் ஜெப்ரியே 1186இல் பாரிஸில் அப்படித்தான் இறந்தார் என்று சொல்லப்படுகிறது. திருச்சபை 1130இல் தடை போட்டது, யாரும் கேட்கவில்லை, 1316இல் போப்பே விலக்கிக்கொண்டார். இரண்டு பேர் எதிரெதிரே ஈட்டியோடு ஓடிவரும் காட்சி நினைவுக்கு வருகிறதா? 12ஆம் நூற்றாண்டில் நடந்தது வேறு: இரண்டு பெரிய கூட்டங்கள் வயல், திராட்சைத் தோட்டம் என்று பார்க்காமல் மைல் கணக்கில் புரளும். ஆளைக் கொல்வது நோக்கமல்ல, பிடிப்பதுதான். பிடிபட்டவன் குதிரையும் கவசமும் போனது போக மீட்புப் பணமும் தர வேண்டும்.

மார்ஷல் இதைப் பட்டுத்தான் கற்றார். நைட் ஆன புதிதில் நடந்த நிஜச் சண்டை ஒன்றில் பிரமாதமாக அடித்து நொறுக்கிவிட்டு, குதிரையைப் பறிகொடுத்து வெறுங்கையோடு விருந்துக்கு வந்து உட்கார்ந்தார். எசெக்ஸ் பிரபு, 'மார்ஷல், எனக்கு ஒரு பழைய குதிரைக் கழுத்துப்பட்டையாவது பரிசாகக் கொடேன்' என்றார். 'என்னிடம் ஏது?' என்று இவர் முழிக்க, 'இன்றைக்கு நாற்பது அறுபது கையில் வந்ததே, விட்டுவிட்டாயே!' என்று பந்தி முழுக்கச் சிரிப்பு. கடைசியில் நைட் ஆனபோது போர்த்திய மேலங்கியை 22 சூ காசுக்கு விற்றுச் சாதாரணக் குதிரை ஒன்று வாங்கினார். அதற்கப்புறம் ஆளே மாறிவிட்டார். இன்னொரு நைட்டோடு கூட்டுச் சேர்ந்து, வந்ததில் பாதிப் பாதி என்று பேசிக்கொண்டு, பத்து மாதப் போட்டிகளில் 103 நைட்களைப் பிடித்தார்கள். கணக்கெழுத ஒரு குமாஸ்தா வேறு!

ஏழை வீட்டுப் பையன் நைட் ஆக முடியுமா? (தூத்துக்குடி)

அபூர்வமாக. ராபர்ட் சால் என்பவர் எளிய குடியில் பிறந்து சண்டைத் திறமையால் நைட் ஆனவர். இங்கிலாந்தின் 1381 விவசாயிகள் கலகத்தில் நாரிச் நகருக்கு வெளியே கூட்டம் அவரைச் சூழ்ந்து, 'நீயும் எங்களில் ஒருவன்தானே, தலைமை தாங்கு' என்றதாம். மாட்டேன் என்றார், கொன்றுவிட்டார்கள்.

அவ்வளவு ஒழுக்க விதி பேசியவர்கள் நிஜத்தில் நல்லவர்களா? (கோவை, ஓய்வுபெற்ற ஆசிரியை)

தங்களுக்குள் பெரும்பாலும் ஆமாம் அம்மா, பிடிபட்ட நைட் காசாக மாறுவான் என்பதால் அவனை நன்றாகவே வைத்துக்கொள்வார்கள். குடியானவனுக்கு அந்தச் சலுகை இல்லை. 1355இல் இங்கிலாந்தின் கறுப்பு இளவரசர் தெற்குப் பிரான்ஸில் ஊர் ஊராகக் கொளுத்திக்கொண்டே போனார், அவரைத்தான் நைட்களுக்கெல்லாம் இலக்கணம் என்று கொண்டாடினார்கள்.

மார்ஷல் விஷயத்துக்கே வருகிறேன். ஐந்து மன்னர்களைப் பார்த்து, எழுபது வயதில் இங்கிலாந்தின் லிங்கன் நகரில் நடந்த போரில் குதிரையேறி, சிறுவன் மூன்றாம் ஹென்றிக்காக நாட்டையே நிர்வகித்து, 1219இல் படுக்கையில் விழுந்தார். எடுத்ததையெல்லாம் திருப்பிக் கொடுத்தால்தான் பாவமன்னிப்பு என்று குருமார்கள் சொல்வதாக ஒருவர் ஞாபகப்படுத்தினார். ஐந்நூறு நைட்களைப் பிடித்து அவர்கள் குதிரையும் ஆயுதமும் எடுத்துக்கொண்டவன் நான், அதற்காக மோட்சக் கதவு அடைபட்டால் அடைபடட்டும், என்னால் திருப்பித் தர முடியாது என்று சொல்லிவிட்டார் கிழவர்.