முதல்முறையாக டோக்கியோ போகிறேன், ஆறு நாள் இருப்பேன். என்னென்ன தெரிந்துகொண்டு போக வேண்டும்?

மூன்று முறை போயிருக்கிறேன், முதல் தடவை 2017ல். பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் எங்கே தேடினாலும் கிடைக்கும் என்பதால் அதை விட்டுவிட்டு, போய் இறங்கியபிறகு எங்கே நேரம் வீணாகும், எங்கே கால் கடுக்கும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

ஒரே ஒரு விஷயம்தான் சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன்: போகிற ஒவ்வொரு இடத்துக்கும் ஸ்டேஷன் பெயரோடு, எந்த வாசல் வழியாக வெளியே வர வேண்டும் என்பதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ரயிலைப் பிடிப்பது கஷ்டமே இல்லை. ஸ்டேஷனிலிருந்து சரியான பக்கம் வெளியே வருவதுதான் கஷ்டம்.

ஷின்ஜுகு ஸ்டேஷன் உலகத்திலேயே அதிகப் பயணிகள் வந்துபோகும் ஸ்டேஷன் என்று கின்னஸ் பதிவில் இருக்கிறது, வாசல்கள் மட்டும் 200க்கு மேல். முதல் நாள் இரவு பத்தரை மணிக்கு அங்கே இறங்கினேன். மேற்கு வாசலிலிருந்து ஏழு நிமிட நடை என்று ஹோட்டல்காரர்கள் தெளிவாகவே எழுதியிருந்தார்கள். நான் கூட்டம் போன பக்கமே போய்க் கிழக்கு வாசலில் வெளியே வந்துவிட்டேன். நடுவில் அத்தனை தண்டவாளங்கள், பெட்டியை இழுத்துக்கொண்டு சுற்றிப் போக வழி தெரியாமல் முக்கால் மணி நேரம் அலைந்தேன். கடைசியில் தெருமுனையில் இருந்த கோபான், அதாவது சின்ன போலீஸ் சாவடி, அதில் போய் நின்றேன். அங்கிருந்த பெரியவருக்கு ஆங்கிலம் வரவில்லை. மேஜைக் கண்ணாடிக்கு அடியில் விரித்திருந்த வரைபடத்தில் நாங்கள் இருக்கும் இடத்தில் ஒரு விரலை வைத்தார், ஹோட்டலில் இன்னொரு விரலை வைத்தார், பிறகு ஒரு துண்டுத் தாளில் நான் திரும்ப வேண்டிய மூன்று திருப்பங்களை மட்டும் கோடு போட்டுக் கொடுத்தார். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். 2020ல் கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் பாதை ஒன்றை ஸ்டேஷனுக்குள்ளேயே டிக்கெட் இல்லாமல் நடக்கும்படி திறந்துவிட்டார்கள், அதனால் இப்போது இந்தச் சிரமம் எவ்வளவோ குறைவு. ஆனாலும் வாசலைக் குறித்துக்கொள்ளுங்கள். வழி தவறினால் கோபானில் கேட்கத் தயங்கவே வேண்டாம்.

முகவரியை மட்டும் வைத்துக்கொண்டு இடம் கண்டுபிடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே கிடையாது. பேட்டை, அதற்குள் பகுதி எண், அதற்குள் கட்டட எண் என்றுதான் முகவரி போகும், பக்கத்துப் பக்கத்துக் கட்டடங்களின் எண்கள் வரிசையாக இருக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. வரைபடச் செயலியில் இடத்தைச் சேமித்துக்கொண்டு போங்கள்.

ரயில் விஷயத்தில் புதிதாகப் போகிற எல்லோரும் குழம்புவது ஒன்று உண்டு. வெளியே பார்த்தால் ஒரே வலைப்பின்னல், ஆனால் நடத்துவது பல கம்பெனிகள்: ஜே.ஆர்., டோக்கியோ மெட்ரோ, டோயே, இன்னும் தனியார் ரயில்கள். 24, 48, 72 மணி நேர சப்வே டிக்கெட் என்று சுற்றுலாப் பயணிகளுக்கு ஒன்று கொடுக்கிறார்கள், மெட்ரோவும் டோயேயும் சேர்ந்த 13 பாதைகளுக்கும் அது செல்லும், ஆனால் ஊரைச் சுற்றி வரும் யமனோத்தே ரயிலில் செல்லாது, அது ஜே.ஆருடையது. அந்த டிக்கெட்டில் நல்ல அம்சம், கணக்கு நாளில் இல்லை, மணியில் என்பது. 72 மணி நேர டிக்கெட்டைத் திங்கள் மதியம் மூன்று மணிக்கு முதலில் நுழைத்தால் வியாழன் மதியம் மூன்று மணி வரை ஓடும். இதோடு சூய்கா அல்லது பாஸ்மோ கார்டு ஒன்றில் பணம் போட்டு வைத்துக்கொண்டால் போதும், அது ஊருக்குள் அநேகமாக எல்லா ரயிலிலும் பஸ்ஸிலும், தெருவில் நிற்கும் குளிர்பான இயந்திரம் பலவற்றிலும்கூட வேலை செய்யும். சுற்றுலாப் பயணிகளுக்கான வெல்கம் சூய்கா 28 நாள்தான் செல்லும், மிச்சப் பணம் திரும்பி வராது, அளவாகப் போடுங்கள். நாடு முழுவதும் ஜே.ஆர். ரயில்களில் சுற்றுவதற்கான ஜப்பான் ரயில் பாஸ் வாங்கச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 2023 அக்டோபரில் ஏழு நாள் பாஸை 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக ஏற்றிவிட்டார்கள். ஆறு நாளும் டோக்கியோவிலேயே இருக்கிற உங்களுக்கு அது முழுக்க நஷ்டம்.

ஸ்டேஷன் பெயர்கள் மனதில் நிற்காவிட்டால் கவலை வேண்டாம், சப்வேயில் ஒவ்வொன்றுக்கும் எழுத்தும் எண்ணும் உண்டு. கின்ஸா பாதையில் உவேனோ ஜி16, அசகுசா ஜி19. எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்தாலே சரியான திசையில் போகிறோமா என்று தெரிந்துவிடும்.

நாள் திட்டத்தை இடத்தின் புகழை வைத்துப் போடாதீர்கள், பக்கத்தை வைத்துப் போடுங்கள். காலையில் அசகுசா, மதியம் ஷிபுயா, மாலை மறுபடி உவேனோ என்று போட்டால் பாதி நாள் பூமிக்கு அடியில் கழியும். அசகுசா, உவேனோ, யனாகா ஒரு நாள். மெய்ஜி கோயில், ஹராஜுகு, ஷிபுயா ஒரு நாள். கின்ஸா, சுகிஜி, அரண்மனைத் தோட்டம் ஒரு நாள். திங்கட்கிழமை அருங்காட்சியகம் எதையும் வைக்காதீர்கள், உவேனோவில் இருக்கும் தேசிய அருங்காட்சியகம் உட்படப் பலவும் அன்று மூடியிருக்கும். உயரத்திலிருந்து ஊரைப் பார்க்கப் பணம் கட்டத்தான் வேண்டும் என்றும் இல்லை, ஷின்ஜுகு மேற்குப் பக்கம் இருக்கும் மாநகர அரசுக் கட்டடத்தின் 45வது மாடி, 202 மீட்டர் உயரம், அனுமதி இலவசம். குளிர்காலத்தில் வானம் தெளிவாக இருந்தால் ஃபுஜி மலையும் தெரியும்.

சாப்பாடு. அசைவம் சாப்பிடுவீர்கள் என்றால் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். சைவம் என்றால் கொஞ்சம் கவனம் வேண்டும், ஏனென்றால் இறைச்சி கண்ணுக்குத் தெரிகிறது, தாஷி தெரிவதில்லை. தாஷி என்பது பெரும்பாலும் காய்ந்த மீன் சீவலில் எடுக்கும் சாறு, நூடுல்ஸ் குழம்பு, மிசோ சூப், வேகவைத்த காய்கறி எல்லாவற்றிலும் அடிச்சுவை அதுதான். 'இறைச்சி இல்லை' என்று கடைக்காரர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை, மீன் சாற்றை அவர் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை, அவ்வளவுதான். 'மீன், இறைச்சி, தாஷி எதுவும் கூடாது' என்று ஜப்பானிய மொழியில் எழுதிய அட்டை ஒன்றைப் பையில் வைத்திருங்கள். அவசரத்துக்கு இருபத்து நான்கு மணி நேரக் கடைகளில் கிடைக்கும் முக்கோணச் சோற்று உருண்டை, ஒனிகிரி, எனக்குப் பலமுறை கைகொடுத்தது. உள்ளே உமெபோஷி என்ற புளிப்பு ஊறுகாய் வைத்ததைக் கேட்டு வாங்கி, பின்பக்கம் என்னென்ன சேர்த்திருக்கிறது என்று செல்பேசியில் மொழிபெயர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள். அதைப் பிரிப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது: உறையில் 1, 2, 3 என்று எண் போட்டிருக்கும், முதலில் 1 என்ற நாடாவை மேலிருந்து இழுத்து முழுக்கச் சுற்றிக் கிழிக்க வேண்டும், பிறகு 2, 3 என்ற மூலைகளைப் பக்கவாட்டில் உருவ வேண்டும். கடல்பாசித் தாள் நமுத்துப் போகாமல் இருக்கத்தான் சோற்றில் படாதபடி இரண்டு பிளாஸ்டிக் படலத்துக்கு நடுவில் வைத்திருக்கிறார்கள். அப்படியே கிழித்தால் பாதித் தாள் உறையோடு போய்விடும்.

சாப்பிட்ட உறையைப் போடத் தெருவில் குப்பைத் தொட்டி கிடைக்காது. 1995ல் சப்வேயில் சாரின் விஷவாயுத் தாக்குதல் நடந்தபிறகு பொது இடத் தொட்டிகளைப் பெருமளவு எடுத்துவிட்டார்கள். ஒரு பிளாஸ்டிக் பை எடுத்துப் போங்கள், கூடவே கைக்குட்டையும், கழிவறைகளில் கை துடைக்கப் பல இடங்களில் எதுவும் இருக்காது. டிப்ஸ் கொடுக்காதீர்கள், வாங்க மாட்டார்கள். கடையில் பணத்தைக் கையில் நீட்டாமல் அங்கே இருக்கும் சின்னத் தட்டில் வையுங்கள். ரயிலில் போன் பேசக் கூடாது. டாக்ஸிக் கதவைத் தொடாதீர்கள், ஓட்டுநரே திறந்து மூடுவார். நள்ளிரவை ஒட்டி ரயில் நின்றுவிடும், அடுத்தது காலை ஐந்து மணி வாக்கில், இடையில் டாக்ஸி என்றால் இரவுக் கூடுதல் கட்டணம் 20 சதவீதம்.

அப்புறம், விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாதவை இரண்டு. பாஸ்போர்ட்டை ஹோட்டலில் வைத்துவிட்டுப் போகாதீர்கள், வெளிநாட்டுப் பயணி அதை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். மருந்தும் அப்படித்தான். சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள சளி மாத்திரைகளுக்கு அங்கே அனுமதி இல்லை, வீட்டு மருந்துப் பெட்டியை அப்படியே பையில் கொட்டாமல் ஒவ்வொன்றாகப் பார்த்து எடுத்து வையுங்கள். போலீஸ் 110, ஆம்புலன்ஸ் 119.

ஒரு நாளாவது விடியற்காலையிலேயே எழுந்துவிடுங்கள். படுத்துப் புரளாமல் அசகுசாவின் சென்சோஜி கோயிலுக்குக் கிளம்பிவிடுங்கள். வளாகத்துக்குக் கதவு கிடையாது, பிரதான மண்டபம் ஆறு மணிக்கும் குளிர்மாதங்களில் ஆறரைக்கும் திறக்கும். பத்து மணிக்குமேல் நகர இடமில்லாத நகமிசே கடைத்தெரு அந்த நேரத்தில் காலியாக இருக்கும், கடைகளின் இரும்பு ஷட்டர்களில் வரிசையாகத் திருவிழாக் காட்சிகளை வரைந்திருப்பார்கள், கடை திறந்துவிட்டால் அந்த ஓவியங்கள் மேலே சுருண்டு போய்விடும்.